நர்சம்மாவின் நோட்டு

பெரம்பலூர் பக்கம் போனால் சாத்தனூருக்கு ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள். அங்கே ஒரு மரம் படுத்திருக்கிறது. சாதாரண மரம் இல்லை... கல் மரம்! சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதியில் கடல் இருந்தபோது, மண்ணில் புதைந்து அப்படியே கல்லாகிப் போன மரம். பக்கத்து அரியலூரிலும் இதே கதைதான். சுண்ணாம்புக்கல் வெட்டுகிற இடங்களில் கடல் சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகக் கிடைக்கின்றன. பூமி தன்னுடைய டைரியை எழுதிவைத்த ஊர்கள் இவை.

2011-ல் அதே இரண்டு ஊர்களைப் பற்றி மனிதர்கள் எழுதிய டைரி ஒன்று வெளியானது. அதுதான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதில் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள்? தமிழ்நாட்டின் சராசரி 943. பெரம்பலூரில் 913. அரியலூரில் 897. பக்கத்து மாவட்டமான கடலூரில் 896!

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். இயற்கையாகவே ஆண் குழந்தைகள் கொஞ்சம் அதிகமாகத்தான் பிறக்கும். ஆயிரத்துக்கு 950 பெண் குழந்தைகள் என்றால் இயல்பு என்று விட்டுவிடலாம். 897 என்றால்? மீதி 50-க்கும் மேற்பட்ட குழந்தைகள் எங்கே?

பெண் சிசுக்கொலை என்றால் உசிலம்பட்டி, சேலம், தர்மபுரி என்றுதான் அதுவரை எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கணக்கு வந்ததும் அரசு விழித்துக்கொண்டது. 1992-ல் சேலத்தில் ஜெயலலிதா தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2011-ல் அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் வந்தது. ‘வேண்டாம் என்றால் கொன்றுவிடாதே, இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ. அரசு வளர்க்கும்’ என்பதுதான் திட்டம்.

தொட்டில் என்னவோ புதுசு மாதிரி தெரியும். ஆனால், அதற்கு 800 வயது!

12-ம் நூற்றாண்டின் முடிவில் ரோமாபுரியில் மீனவர்கள் டைபர் நதியில் வலை வீசினால், மீனோடு இறந்த சிசுக்களும் வந்தனவாம். இதைக் கேள்விப்பட்டு நொந்துபோன போப் மூன்றாம் இன்னசன்ட், மருத்துவமனைச் சுவரில் ஒரு சுழல் பெட்டி வைக்கச் சொன்னார் என்பது அங்கே காலம்காலமாகச் சொல்லப்படும் கதை. வெளியே இருந்து குழந்தையை அதில் வைத்துத் திருப்பினால், பெட்டி உள்பக்கம் போய்விடும். மணி அடித்ததும் உள்ளே இருக்கும் கன்னியாஸ்திரி எடுத்துக்கொள்வார். வைத்தவர் முகம் எடுத்தவருக்குத் தெரியாது. கேள்வியே கிடையாது!

1811-ல் நெப்போலியன் இதைச் சட்டமாகவே ஆக்கி, பிரான்ஸ் முழுக்க வட்டாரத்துக்கு ஒரு சுழல் பெட்டி வைக்க உத்தரவிட்டார். பெட்டிகள் நிரம்பி வழிந்தன. செலவைப் பார்த்து மிரண்ட அதிகாரிகள் அந்த நூற்றாண்டிலேயே ஒவ்வொன்றாக மூடினார்கள். பெட்டி இருந்த இடத்தில் மேஜை, நாற்காலி, குமாஸ்தா வந்தார்கள். ‘பேர் என்ன? எந்த ஊர்? ஏன் கொண்டுவந்தாய்?’ குழந்தையோடு வருகிற பெண் இப்போது ஒரு மனித முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

அந்த முகம் எப்படிப்பட்ட முகம்? சமூகப் பணி என்று இன்று நாம் சொல்கிற அத்தனை வேலைகளின் வரலாறும் இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது. எதிரே இருப்பவர் உதவ வந்தவரா, வேவு பார்க்க வந்தவரா?

நம் ஊரில் அந்த முகத்துக்குப் பெயர், நர்சம்மா.

அரசாங்கக் கணக்கில் அவர் ‘கிராம சுகாதார செவிலியர்’. சுமார் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு நர்சம்மா. தமிழ்நாட்டில் இப்படிச் சுமார் 8,700 நிலையங்கள். ஊரில் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்பது மாமியாருக்கு அடுத்து அவருக்குத்தான் தெரியும். சில வீடுகளில் மாமியாருக்கும் முன்னாடியே!

அவருக்கு ஊருக்குள் இரண்டு கூட்டாளிகள் உண்டு. ஒருவர் அங்கன்வாடி ‘டீச்சர்’. இன்னொருவர் அங்கே சமைக்கும் ‘ஆயா’. 1975 அக்டோபர் 2-ம் தேதி, நாடு முழுக்க 33 வட்டாரங்களில் மட்டும் தொடங்கியது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் பெரிய உருவம் கொடுத்தது 1982. அந்த வருஷம் ஜூலை 1-ம் தேதி, திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டத்துக்குள்தான் இருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, இரண்டு வயதுக் குழந்தைக்கும் கிராமத்து மையத்தில் சோறு. சமைக்கவும் பார்த்துக்கொள்ளவும் ஆள் எடுத்தபோது விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. ‘மூஞ்சியில முழிக்கக் கூடாது’ என்று ஊர் ஒதுக்கிவைத்த பெண்ணின் கையால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் சாப்பிட்டார்கள். இது சாதாரணப் புரட்சி இல்லை!

ஆனால், சம்பளம்? அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோது, பத்தாவது படிக்காத டீச்சருக்கு மாதம் 100 ரூபாய், படித்தவருக்கு 150. ஆயாவுக்கு 35 ரூபாய். அதற்குப் பெயர்கூடச் சம்பளம் இல்லை, ‘மதிப்பூதியம்’.

பெரம்பலூர் 1995-ல் தனி மாவட்டமானது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் மறுபடி சேர்ந்தது. 2007-ல் மறுபடி பிரிந்தது. கலெக்டர் ஆபீஸ் போர்டு மாறிக்கொண்டே இருந்தது. நர்சம்மா நடந்துபோகிற தெருக்கள் மட்டும் மாறவே இல்லை.

இப்போது ஒரு காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். கற்பனைதான். ஆனால், இந்தப் பக்கத்துக் கிராமம் எதிலும் நடக்கக்கூடியதுதான்.

புதன்கிழமை. தடுப்பூசி நாள். அங்கன்வாடியில் நர்சம்மா ஐஸ் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டீச்சர் குழந்தைகளை எடை போடுகிறார். ஆயா அடுப்படியிலிருந்து வந்து கிசுகிசுக்கிறார். “சிஸ்டர்... அந்தக் கடைசி வீட்டுப் பொண்ணு. ரெண்டு பொட்டப்புள்ள இருக்குல்ல, அது ஆத்தா வீட்டுக்குப் போயிட்டு நேத்துதான் வந்துச்சு. மூஞ்சி வாடிக் கெடக்கு.” நர்சம்மா நோட்டைப் புரட்டுகிறார். அந்தப் பெண் மூன்றாவது மாதத்தில் பெயர் பதிந்தவள். இப்போது ஐந்தாவது மாதமாக இருக்க வேண்டும். இல்லை.

மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

நர்சம்மா என்ன செய்ய வேண்டும்? மேலே சொல்லலாம். சொன்னால், நாளையிலிருந்து அந்தத் தெருவில் ஒரு கதவும் அவருக்குத் திறக்காது. அடுத்த கர்ப்பிணி மூன்றாவது மாதத்தில் இல்லை, வலி வந்த பிறகுகூட அவரைக் கூப்பிட மாட்டாள். சொல்லாமல் விடலாம். விட்டால், நோட்டில் இருக்கிற பெயர்கள் ஒவ்வொன்றாக இப்படித்தான் காணாமல் போகும்.

இந்தச் சிக்கலை நமக்கு முன்பே ஒரு அரசு சந்தித்துக் கோட்டை விட்டிருக்கிறது. ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்!

1789-ல் காசியில் ரெசிடென்ட்டாக இருந்த ஜொனாதன் டங்கன் என்ற ஆங்கிலேயர், சுற்றுவட்டாரத்து ராஜகுமார் வம்சத்தாரிடையே பெண் குழந்தைகளையே காணோமே என்று விசாரித்தார். அவர்களே ஒப்புக்கொண்டார்கள். சத்தியம் வாங்கிப் பார்த்தார்கள், எச்சரித்துப் பார்த்தார்கள். 80 வருஷம் போனது. கடைசியில், 1870-ல் பெண் சிசுக்கொலைத் தடுப்புச் சட்டம் வந்தது. சந்தேகத்துக்குள்ளான சமூகங்களில் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் பதிய வேண்டும். கூடுதல் போலீஸ் போடப்படும். அந்தப் போலீஸுக்கான செலவையும் அவர்கள் தலையிலேயே கட்டலாம்! கிராமக் காவல்காரரும் பிரசவம் பார்க்கிற தாதியும் நடந்ததை வந்து சொல்ல வேண்டும்.

தாதியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கையில் குழந்தையை வாங்குகிறவளும் அவளே, போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டியவளும் அவளே. அந்தக் குடும்பங்கள் போடும் படியில்தான் அவள் பிழைப்பே ஓடுகிறது. அவள் எதைச் சொல்வாள், எதை விழுங்குவாள்? 

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று லண்டனில் நடந்தது. 1895-ல் அங்கே ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும்தான். ‘ஆல்மனர்’ என்று பதவிக்குப் பெயர். வேலை? இலவச சிகிச்சைக்கு வருகிற கூட்டத்தில், காசு வைத்துக்கொண்டே ஏழை வேஷம் போடுகிறவர்களைக் கண்டுபிடிப்பது. சுருக்கமாகச் சொன்னால், வேவு!

ஆனால், ஒவ்வொரு நோயாளியிடமும் உட்கார்ந்து வீட்டு நிலைமையைக் கேட்டபோது வேறு ஒன்று புரிந்தது. ஏமாற்றுகிறவர்களைவிட, மருந்து கொடுத்தும் பிழைக்க வழியில்லாதவர்கள்தான் அதிகம். வீட்டில் சாப்பாடு இல்லை என்றால் டானிக் என்ன செய்யும்? மேரி ஸ்டூவர்ட் அவர்களை உரிய உதவிகளுக்கு அனுப்பத் தொடங்கினார். வடிகட்ட வந்த வேலை, வழிகாட்டுகிற வேலையானது. உலகம் முழுக்க மருத்துவமனைகளில் இன்று இருக்கும் சமூகப் பணியாளர்களுக்கு அவர்தான் முன்னோடி. நம் நாட்டில் 1946-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் இந்தப் பதவி வந்தது. சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் இதற்கென்றே ஒரு கல்லூரி தொடங்கினார். அதுதான் எழும்பூரில் இருக்கும் ‘மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்’.

சரி, நம்ம ஊருக்குத் திரும்புவோம்.

1986 ஜூனில் ‘இந்தியா டுடே’ உசிலம்பட்டி சிசுக்கொலைகளைப் பற்றி அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. நாடே அதிர்ந்தது. அடுத்த சில வருஷங்களில் தொட்டில் வந்தது, பெண் குழந்தை பெயரில் பணம் போடும் திட்டம் வந்தது, கூடவே போலீஸும் வந்தது. தாய்மார்கள்மீது வழக்குகள் பாய்ந்தன. மாமனார், புருஷன், வரதட்சணை கேட்ட ஊர் எல்லாம் வெளியே நிற்க, பிரசவித்த உடம்போடு கூண்டில் ஏறியவள் தாய்தான்.

நர்சம்மா இருபக்கமும் இடிபட்டது இந்தக் காலத்தில்தான். குழந்தை இறந்ததும் நோட்டில் காரணம் எழுத வேண்டும். ‘மூச்சுத்திணறல்’, ‘எடைக்குறைவு’, ‘வயிற்றுப்போக்கு’ என்று எதையாவது எழுதிவிட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஊர் கோபிக்காது. மேலதிகாரியும், ‘உங்க ஏரியாவுல மட்டும் ஏன் இப்படி?’ என்று மெமோ கொடுக்க மாட்டார். உண்மையை எழுதினால் இரண்டு பக்கமும் அடி.

ஆனாலும், எழுதினார்கள்! ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில் ‘சமூகக் காரணங்களால் மரணம்’ என்று ஒரு வகை இருந்தது. கொலை என்ற வார்த்தை அதில் இல்லை. தாயின் மீது விரல் நீட்டவும் இல்லை. அதே நேரம், பொய்யும் இல்லை. படிக்கத் தெரிந்தவனுக்கு அந்த இரண்டு வார்த்தைகள் போதும்.

படிக்கத் தெரிந்தவர்களும் வந்தார்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத், பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயா. நர்சம்மாக்கள் எழுதிய பதிவேடுகளை ஊர் ஊராகக் கூட்டிப் பார்த்து 1997-ல் கட்டுரையாக எழுதினார்கள். ஆண்டுக்குச் சுமார் 3,000 பெண் சிசுக்கள் என்ற அளவில் கணக்கு வந்து நின்றது. மதுரை, திண்டுக்கல், சேலம், தர்மபுரி என்று வரைபடத்தில் ஒரு பட்டையாகவே தெரிந்தது. ‘ஏதோ ஒரு சாதி, ஏதோ ஒரு ஊர்’ என்று ஒதுக்கித்தள்ள முடியாமல் போனது. போலீஸ் ஸ்டேஷன் ரெக்கார்டில் கிடைக்காத உண்மை, 5,000 பேருக்கு ஒருவராக நடந்து திரிந்த பெண்களின் நோட்டில் இருந்தது!

இங்கே கவனிக்க வேண்டியது வேலை உறவைத்தான். கீழே எழுதியவரும் மேலே படித்தவரும் சேர்ந்ததால்தான் இது நடந்தது. எழுதியவரைத் தண்டிக்க அந்த நோட்டைத் திறந்திருந்தால், அடுத்த மாதமே பக்கம் முழுக்க ‘வயிற்றுப்போக்கு’ ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகு தர்மபுரியில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். டென்மார்க் நாட்டின் டானிடா உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தில், 1997-99 காலகட்டத்தில் போலீஸை நம்பாமல் தெருக்கூத்தை நம்பினார்கள். கலைப் பயணம் ஊர் ஊராகப் போனது. ‘நீ கொலைகாரி’ என்று யாரையும் சொல்லவில்லை. பொண்ணு பொறந்தா ஏன் அழறோம், வரதட்சணையை யார் கேட்கிறது, என்று ஊரையே பார்த்துக் கேட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர்கள், பெண்கள் குழுக்கள் எல்லாம் உள்ளே வந்தன. நர்சம்மா ஒருத்தி தோளில் இருந்த பாரம் பத்துப் பேர் தோளுக்கு மாறியது. சமூகக் காரணம் என்றால் சமூகம்தானே சுமக்க வேண்டும்! அந்த நோட்டுகளிலேயே அந்த மரணங்கள் குறைந்தன. சேலத்தைப் பாருங்கள். 2001-ல் ஆயிரத்துக்கு 851 என்று பாதாளத்தில் கிடந்த எண்ணிக்கை 2011-ல் 916-க்கு ஏறியது.

அதே 2011-ல்தான் அரியலூர் 897!

காலம் மாறியிருந்தது. நாடு முழுக்கவே பெண் குழந்தைகளுக்கு ஆபத்து தொட்டிலுக்கு முன்னாலேயே, ஸ்கேன் மெஷினிலேயே வந்துவிட்டது. பிறக்காத குழந்தைக்கு எந்தத் தொட்டிலை வைப்பது? 1994-ல் வந்து 2003-ல் கடுமையாக்கப்பட்ட கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம், இந்த விஷயத்தில் 1870-ஐவிட புத்திசாலி. அந்தப் பெண் தானாகப் போகவில்லை, புருஷனோ உறவுக்காரர்களோ வற்புறுத்தித்தான் போனாள் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. சட்டத்தின் குறி, சொன்ன டாக்டரும் ஸ்கேன் சென்டரும் கூட்டிப்போனவர்களும்தான்.

இது எத்தனை பெரிய விஷயம் தெரியுமா? அந்தக் கடைசி வீட்டுப் பெண்ணைக் காட்டிக்கொடுக்காமலே நர்சம்மா உண்மையைச் சொல்ல முடியும். ‘இவள்’ என்று விரல் நீட்ட வேண்டாம். ‘இந்த மாதம் என் நோட்டில் இத்தனை பேர், மூன்றாவது மாதத்துக்கும் ஐந்தாவது மாதத்துக்கும் நடுவில் காணாமல் போனார்கள்’ என்றால் போதும். எந்த ஸ்கேன் சென்டர் பக்கம் தடம் போகிறது என்று பார்ப்பது மேலே இருப்பவர்கள் வேலை.

ஆனால், அந்த மூன்று பெண்களும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் அந்தக் கணக்கு முழுமையாகும். நர்சம்மா பொது சுகாதாரத் துறை. டீச்சரும் ஆயாவும் சமூக நலத் துறை. ஒரே குழந்தைக்கு இரண்டு நோட்டு, இரண்டு மேலதிகாரிகள், இரண்டு மீட்டிங். கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் பழியை யார்மீது போடுவது என்பதில் ஆரம்பிக்கும் சண்டை. ‘நான் நர்ஸ், நீ வெறும் டீச்சர்’, ‘நான் டீச்சர், நீ ஆயா’ என்று படிக்கட்டு வேறு. கடைசிப் படியில் நிற்கும் ஆயாவுக்குத்தான் ஊரில் எல்லா அடுப்படிச் செய்தியும் முதலில் தெரியும். அவர் பேச்சுக்கு மீட்டிங்கில் நாற்காலிகூட கிடையாது.

நாட்டின் சட்டமும் இந்தப் பெண்களைத் திரும்பிப் பார்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. ‘அங்கன்வாடிப் பணி அரசுப் பதவி ஆகாது’ என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னது. 2022 ஏப்ரலில்தான், டீச்சருக்கும் ஆயாவுக்கும் பணிக்கொடை உண்டு என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1975-ல் 35 ரூபாய்க்கு வேலைக்குச் சேர்ந்த ஆயாக்களில் எத்தனை பேர் அந்தத் தீர்ப்பைக் கேட்க இருந்தார்கள்?

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அத்தனையும் ஒரு விதத்தில் அந்த ரோமாபுரிச் சுழல் பெட்டி மாதிரிதான். இந்தப் பக்கம் பயந்துபோன ஒரு தாய். அந்தப் பக்கம் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ள ஒரு கை. பெட்டிக்குச் சம்பளம் வேண்டாம், மரியாதை வேண்டாம், மேலதிகாரியின் ஆதரவு வேண்டாம். கைக்கு எல்லாம் வேண்டும்.

சாத்தனூரில் 12 கோடி ஆண்டுப் பதிவைச் சுற்றி அரசு வேலி போட்டுப் பாதுகாக்கிறது. நல்ல விஷயம்தான். அதே மாவட்டத்தில் தினம் தினம் எழுதப்படுகிற இன்னொரு பதிவு, ஒரு பழைய கைப்பையில், மதிய வெயிலில், தெருத் தெருவாக நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த முறை அங்கன்வாடி வாசலில் மூன்று பெண்கள் தலையைச் சேர்த்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தால், ‘வேலையைப் பார்க்காமல் வம்பு பேசுறாங்க’ என்று நினைத்துவிடாதீர்கள்.

வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!